ஒன்பதாவது பொட்டு

அக்கா,

நேற்று உங்கள் மகள் வந்திருந்தாள். காரியமெல்லாம் முடிந்து உங்கள் பீரோவை ஒழித்தபோது துணிகளுக்கு அடியில் கிடைத்ததாம், ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மூடிமேல் ஒட்டியிருந்த சீட்டில் உங்கள் கையெழுத்து: "அம்மணிக்கு."

"அம்மா இதை யாரையும் தொட உடாதுங்க சித்தி. என்னதுன்னு கேட்டா, அது உன்ற சித்தியோட சாமான், குடுக்கறப்ப குடுத்துக்கறேன்னு சொல்லுமுங்க," என்றாள்.

அவள் போன பிறகு திறந்தேன். நம் பழைய கம்ப்யூட்டரின் ஒன்பது ஃபிளாப்பிகள். மேலே இருந்தது ஒன்றாம் எண். எடுத்துத் திருப்பினேன். பின்பக்கத்து நடுவிலுள்ள உலோக வட்டத்தின் மேல் சந்தனம், காய்ந்து வெடித்து மஞ்சள் பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் குங்குமம் கறுத்துப்போயிருந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். வாசம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. வைத்த மாதிரியே வைத்து மூடிவிட்டேன்.

ராத்திரி சோறு இறங்கவில்லை. இப்போது காலை, டப்பாவை மேசைமேல் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். மற்ற எட்டையும் திருப்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. முக்கியமாக அடியில் கிடக்கும் ஒன்பதாவதை. அதைப் பற்றி உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. இருபத்தைந்து வருடமாக இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் நீங்கள் கேட்க முடியாத இடத்துக்குப் போன பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எவ்வளவு பெரிய வீராங்கனை என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

காந்திபுரத்தில் பேக்கரிக்கு மேலே நாம் வைத்திருந்த அந்த ஒற்றை அறை நினைவிருக்கிறதல்லவா. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை, ஒரு ஸ்டூல், கீழேயிருந்து நாள் முழுக்க ஏறிவரும் தேங்காய் பன் வாசனை. நான் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தவள். அந்தத் திமிர் என்னிடம் நிறையவே இருந்தது. நீங்கள் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, காலையும் மாலையும் வந்து தட்டச்சு செய்வீர்கள். திரையைப் பார்த்துக்கொண்டே உங்கள் விரல்கள் ஓடுகிற வேகத்தில் எனக்குப் பொறாமையே வரும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, யாரோ எழுதிய மனு, எல்லாம் அடித்துக்கொடுத்தோம். சரிபாதிக் கூட்டு. வயதில் ஆறு வருடம் மூத்தவர் நீங்கள். ஆனாலும் எனக்கும் "ங்க" போட்டுத்தான் பேசுவீர்கள். ங்க போடாமல் உங்களுக்குக் கோபித்துக்கொள்ளக்கூடத் தெரியாது. நான் ங்க போட்டே ஆளைக் கிழிப்பேன். அதுதான் நமக்குள் வித்தியாசம்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் உங்கள் முனைவர் பட்ட ஆராய்ச்சி இருந்தது. உங்கள் அப்பா ஸ்பின்னிங் மில்லில் நின்றே காலம் கழித்தவர். மெஷின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது என்பதால் அங்கே கையாலேயே பேசிக்கொள்வார்கள். இழை அறுந்துவிட்டது, மேஸ்திரி வருகிறார், டீ வந்தாயிற்று, உன் வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரு கை ஜாடை. அந்த ஜாடைகளையெல்லாம் மில் மில்லாக, வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினீர்கள். ஐந்து வருடம். சொன்னவர்களில் சிலர் அதற்குள் இறந்தே போனார்கள். நீங்கள் எழுதி வைத்திருந்த அட்டைகளும் அந்த வருடம் வீட்டு ஓடு ஒழுகி நனைந்து கூழாகிவிட்டன. நல்லவேளை, அதற்கு முன்பே எல்லாவற்றையும் அடித்து ஏற்றியிருந்தீர்கள். ஆக, அந்த ஐந்து வருடமும் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது, நம் ஹார்ட் டிஸ்கில். சமர்ப்பிக்க இன்னும் பத்து நாள். ஏற்கெனவே ஒருமுறை தவணை நீட்டிக் கொடுத்திருந்தார்கள். இந்த முறை தவறினால் பதிவே ரத்து.

அந்த நேரம் பார்த்துத்தான் லேசர் பிரிண்டர் வந்து சேர்ந்தது. புள்ளி புள்ளியாக அடிக்கிற பழைய ஊசி பிரிண்டர் பக்கங்களை வாங்க மாட்டோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் பிரிண்டர் நம் பழைய சிஸ்டத்தில் ஓடாது. புது விண்டோஸ் போட்டே ஆக வேண்டும். போடுவதுதான் போடுகிறோம், ஹார்ட் டிஸ்கையும் இரண்டாகப் பிரித்துவிடலாம் என்றேன் நான். சி-யில் சிஸ்டம், டி-யில் நம் வேலைகள். இனிமேல் சிஸ்டம் படுத்தாலும் டி-யில் இருப்பது அப்படியே இருக்கும்.

"அப்பப் பத்திரமா இருக்குமுங்களா?" என்று கேட்டீர்கள்.

"இரும்புப் பொட்டிக்குள்ள வெச்சாப்பல இருக்குங்க அக்கா," என்றேன். ஒரே முழு வயலாக இருப்பதை இரண்டாக்க வேண்டுமென்றால் முதலில் எல்லாவற்றையும் துடைத்தாக வேண்டும், பிறகுதான் வரப்புப் போட முடியும் என்பதையும் சொன்னேன். உங்கள் முகம் சுண்டிப்போனது. "எல்லாத்தையும் ஃபிளாப்பில எடுத்து வெச்சுட்டுத்தானுங்க தொடைப்பேன். நான் என்ன பைத்தியமா?" என்று எரிந்து விழுந்தேன்.

புதன்கிழமை மாலை நானே உட்கார்ந்து நகல் எடுத்தேன். முழு ஆராய்ச்சியையும் சுருக்கி, துண்டு துண்டாகப் பிரித்து ஒன்பது ஃபிளாப்பிகளில் ஏற்றினேன். ஒன்று கெட்டால் மொத்தமும் கெட்டது என்கிற வகை அது.

"ஒம்போதுங்களா? நவராத்திரிக்குச் சரியா வந்துருச்சு பாத்தீங்களா அம்மணி!" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டீர்கள். மறுநாள் ஆயுத பூஜை. புத்தகங்களோடு இவற்றையும் சாமி முன்னால் வைக்கலாமா என்று கேட்டீர்கள். வையுங்கள், எனக்கென்ன என்றேன். எதற்கும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை எனக்கு. சொல்ல வேண்டியவள் நான். ஃபிளாப்பிக்குள் என்ன இருக்கிறது, எது பட்டால் என்ன ஆகும் என்று படித்தவள் நான்தான்.

வியாழக்கிழமை நான் மேட்டுப்பாளையத்தில் என் வீட்டுப் பூஜைக்குப் போய்விட்டேன். நீங்கள் ஒருவராகவே அறையைக் கழுவிவிட்டு, வாழைக்கன்று கட்டி, மானிட்டருக்கு மாலை போட்டு, கீபோர்டுக்கு, ஸ்டேப்ளருக்கு, கத்திரிக்கோலுக்கு, கதவுக்கு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறீர்கள். ஃபிளாப்பிக்கு எங்கே வைப்பது என்று யோசித்திருப்பீர்கள். முன்பக்கம் லேபிள், உங்கள் கையால் எழுதிய எழுத்து அழிந்துவிடும். பின்பக்கம் திருப்பினால் நடுவில் அழகாக ஒரு வட்டம். பொட்டு வைக்கவே செய்து வைத்தது போல இருந்திருக்கும் உங்களுக்கு.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன் அக்கா.

வெள்ளிக்கிழமை, விஜயதசமி. நல்ல நாள், புது சிஸ்டத்தை இன்றே ஆரம்பித்துவிடலாம் என்று நாள் குறித்தது நீங்கள். காலை ஒன்பதரைக்கு வந்தேன். நீங்கள் ஸ்டூல்மேல் ஏறி வாழைக்கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். சாமி படத்தடியில் ஃபிளாப்பிகள் அடுக்கி இருந்தன. எட்டு நேராக இருந்தன; மேலே இருந்த ஒன்பதாவது மட்டும் குப்புறக் கிடந்தது. அதன் நடு வட்டத்தில் சந்தனப் பொட்டை நான் பார்த்தேன்.

பார்த்தேன். கண்ணால் பார்த்தேன். முந்தானை நுனியைத் தண்ணீர்ச் சொம்பில் நனைத்து அதைத் துடைத்தேன். குங்குமம் போய்விட்டது, சந்தனம் கொஞ்சம் கரைந்து ஓரத்து இடுக்கில் இறங்கியது. மற்ற எட்டையும் திருப்பிப் பார்க்கவில்லை. ஒப்புக்கு மேலே இருப்பதற்கு மட்டும் வைத்திருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலடி தூரத்தில் நின்ற உங்களைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேலை நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து ஒன்பதும் எழுத வேண்டும். மதியத்துக்குள் லேசர் பிரிண்டரை ஓட்டிக் காட்டி உங்களை அசத்த வேண்டும் என்று எனக்கு ஓர் அரிப்பு. அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் ஏதாவது அகப்படுமா என்று இத்தனை வருடம் தேடிப் பார்த்துவிட்டேன்.

புது விண்டோஸ் சி.டி.யைச் செருகி மெஷினைப் போட்டேன். அந்தக் கறுப்புத் திரையில் பழைய பிரிவை அழிக்கும் கட்டளைக்குப் போனேன். அழிப்பதற்கு முன் அது டிஸ்கின் பெயரைக் கேட்கும். சரியாக அடித்தால்தான் அழிக்கும். மெஷின் வாங்கின அன்று பெயர் வைக்கச் சொன்னபோது நீங்கள் என்னைக் கூப்பிடுகிற பெயரைத்தான் வைத்தீர்கள். "அம்மணி" என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். இதிலுள்ள அனைத்தும் போய்விடும், தொடரலாமா என்று கேட்டது.

"போடட்டுங்களா?" என்றேன்.

நீங்கள் ஃபிளாப்பி அடுக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, "நீங்க சொன்னாச் சரிங்க அம்மணி," என்றீர்கள்.

ஆமாம் என்பதற்கான ஒய் பொத்தானை அழுத்தினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, பிரிவு அழிக்கப்பட்டது என்று வந்துவிட்டது. மெஷினை நிறுத்தித் திரும்பப் போட்டேன். அடுத்து புதிதாக இரண்டு பிரிவு உண்டாக்க வேண்டும். கையைக் கொண்டுபோகிறேன், "ஏனுங்க, சித்த இருங்க," என்றீர்கள். சுவர்க் கடிகாரத்தில் பத்தரை.

"ராகு காலம் பொறந்துருச்சுங்க. அழிக்கறது எப்ப வேணா அழிச்சுக்கலாம். புதுசா உண்டாக்கறதைப் பன்னெண்டுக்கு மேல பண்ணிக்கலாமுங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "கம்ப்யூட்டருக்கு ஏதுங்க அக்கா ராகு காலம்?" என்றேன். நீங்கள் பொரிகடலைத் தட்டை என் பக்கம் தள்ளினீர்கள். அப்படித் தள்ளினால் அதற்கு மேல் பேச முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார என்னால் முடியுமா? ஃபிளாப்பிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்போம் என்று எடுத்தேன். பல துண்டாகப் பிரித்து அடைத்ததைத் திறக்கும்போது கடைசித் துண்டைத்தான் முதலில் கேட்கும். ஒன்பதாவதைப் போட்டேன். அரைக்கிற மாவில் கல் சிக்கின மாதிரி ஒரு சத்தம். படிக்க முடியவில்லை, கைவிடவா, மறுபடி முயலவா என்று திரை கேட்டது. மறுபடி என்றேன். கரகர. மறுபடி. கரகர. எடுத்துவிட்டு எட்டாவதைப் போட்டேன். அதற்கும் அதே சத்தம். வெளியே இழுத்தபோது விரலில் மஞ்சளாக ஒட்டியது. அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். எட்டிலும் பொட்டு. அத்தனையும் சந்தனம்.

ஹார்ட் டிஸ்கில் ஒன்றுமில்லை, ஃபிளாப்பியிலும் ஒன்றுமில்லை. பத்து நாள். ஓரத்தில் ஒன்பதாவது கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா அக்கா? அதை முதலில் எடுத்து மற்றவற்றுக்கு அடியில் செருகினேன். செருகிவிட்டு உங்கள் பக்கம் திரும்பினேன்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க பாருங்க! இது சொம்பா, குத்துவெளக்கா, பொட்டு வெக்கறதுக்கு? அஞ்சு வருச உசுரை நீங்களே பொட்டு வெச்சு, மாலை போட்டுப் பொதைச்சுட்டீங்க!"

கீழே பேக்கரியில் ஆள்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவு சத்தம். நாக்கில் சனி உட்கார்ந்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இன்னும் என்னென்னவோ சொன்னேன். நீங்கள் சுவரோடு ஒட்டி நின்றீர்கள். முகத்தில் ஈயாடவில்லை. "அப்படிங்களா... அப்படிங்களா..." என்று மட்டும் இரண்டு தரம் வாய்க்குள் சொன்னீர்கள்.

கத்தி ஓய்ந்ததும் எனக்கு ஒரு பித்து பிடித்தது. பழையபடி ஒரே பிரிவாக நானே உண்டாக்கிவிட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று தோன்றியது. கீபோர்டு பக்கம் பாய்ந்தேன். நீங்கள் ஏதோ சொன்னீர்கள்; எனக்குக் கேட்கவில்லை, நான்தான் புலம்பிக்கொண்டே இருந்தேனே. சட்டென்று என் முன்னால் வந்து இரண்டு உள்ளங்கைகளையும் காதோரம் உயர்த்திக் காட்டினீர்கள். உங்கள் அத்தியாயத்தில் நானே படித்திருக்கிற ஜாடை அது. மெஷினிலிருந்து கையை எடு. மில்லில் யாருடைய விரலாவது மாட்டப்போகிறது என்றால் அடுத்தவர் காட்டுகிற ஜாடை. என் கை அப்படியே நின்றுவிட்டது.

"தெரிஞ்சவங்களைக் கேட்டுப்போட்டுத் தொடலாமுங்க," என்றீர்கள். அப்போதும் ங்க போட்டுத்தான் சொன்னீர்கள்.

கீழே போய் பேக்கரியின் சிவப்பு போனில் கனகராஜைப் பிடித்தேன். நம் மெஷினைப் பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்து கொடுத்தவர், சரவணம்பட்டியில் சின்னதாகக் கடை. அவர் கேட்ட முதல் கேள்வி: "அழிச்சதுக்கு அப்பறம் புதுசா ஏதாச்சும் உண்டாக்குனீங்களா?"

"இல்லீங்க."

"நெசமாலுமுங்களா? ஃபார்மட் கீர்மட்?"

"ஒண்ணும் பண்ணலீங்க. ராகு காலம்னு அக்கா நிறுத்திப்போட்டாங்க."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "அப்ப எதையும் தொடாதீங்க. வாரேன்."

நான் மேலே ஏறி வந்தபோது நீங்கள் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். ஃபிளாப்பிகள் மடியில் இருந்தன. உங்கள் நெற்றி வெறுமையாக இருந்தது. நீங்கள் பொட்டில்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அழுது முகத்தைத் துடைத்ததில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அதைப் பார்த்ததும் நான் சொன்னதெல்லாம் எனக்கே திரும்பி வந்து அறைந்தது. பொட்டு வைத்துப் புதைத்துவிட்டீர்கள் என்று சொன்னேனே. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வரவில்லை. கேட்டால் ஒன்பதாவதைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும் என்ற பயம் வந்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் போய் மெஷினின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தேன்.

கனகராஜ் வந்து சேர்ந்தார். பூஜை போட்ட மொபெட், நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் ஒரே ஒரு ஃபிளாப்பி. தொலைந்த பிரிவைத் தேடிக் கண்டுபிடிக்கிற நிரல் அதில் இருந்தது. அவரிடமும் அந்த ஒரு பிரதிதான். உங்கள் கையிலிருந்த அடுக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சத்தம் எனக்கு மேசைக்குப் பின்னால் கேட்டது. இதோ ஒன்பதாவது வரும். ஒன்று மட்டும் துடைத்திருக்கிறதே, யார் துடைத்தது என்று கேட்கப்போகிறார்.

"அடேங்கப்பா, ஒம்போதுக்கும் பொட்டு வெச்சிருக்கீங்களே!" என்றார். பாதி சிரிப்பு, பாதி எரிச்சல். "எடுத்துப் போட்டவங்க ஒருத்தராச்சும் திருப்பிப் பாத்திருக்கக் கூடாதுங்களா?"

"அம்மணி பாக்கலீங்க," என்றீர்கள் உடனே. "பாத்திருந்தா உட்டிருக்குமுங்களா? இது நான் பண்ணிப்போட்ட வேலை."

சரியாகப் பார்க்காமல் சொல்கிறார், தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆமாம் அக்கா, தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவருடைய ஃபிளாப்பியை நம் டிரைவில் போடவே முடியாது. உள்ளே சந்தனத் தூள். போட்டால் அதுவும் போகும். பக்கத்து மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கி, ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி, டிரைவுக்குள் ஃபிளாப்பியைப் படிக்கிற குன்றிமணி அளவுத் தலையைத் துடைக்க வேண்டும். அழுத்தினால் உடைந்துவிடும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கனகராஜின் விரல்கள் தடிமன். "இங்க குடுங்க," என்று நீங்கள் குச்சியை வாங்கினீர்கள். மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணுக்கு மை தீட்டுவது போலத் துடைத்தீர்கள். பஞ்சு மஞ்சளாக வந்தது. மாற்றினீர்கள். மறுபடி மஞ்சள். ஏழெட்டு முறைக்குப் பிறகு வெள்ளையாகவே வந்தது.

ஃபிளாப்பி உள்ளே போனது. கரகர. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. படிக்க முடியவில்லை என்றது திரை. கனகராஜ் மறுபடி என்ற பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. பிறகு வழுக்கிக்கொண்டு ஓடுகிற சத்தம். நிரல் திறந்துகொண்டது.

டிஸ்கின் ஒரு முனையிலிருந்து தேட ஆரம்பித்தது. எண்கள் ஓடின. கனகராஜ், "பழையது அப்படியே உள்ள இருக்கோணும். வாசப்படிதான் போயிருக்கும், ஊடு இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நமக்குச் சொன்னாரோ, தனக்கே சொல்லிக்கொண்டாரோ. ஓட்டம் நின்றது. தொலைந்த பிரிவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது, மீட்கவா என்று ஒரு கேள்வி.

"அழுத்துங்க," என்றார் என்னைப் பார்த்து.

காலையில் அதே பொத்தானைத்தான் அழுத்தியிருந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நீங்கள் குனிந்து ஒற்றை விரலால் அழுத்தினீர்கள். மெஷின் மறுபடி எழுந்து வந்தது. பட்டியலைக் கேட்டோம். இயல் ஒன்று, இயல் இரண்டு என்று பெயர்கள் வரிசையாக இறங்கின. ஆறாவது இயல்தான் ஜாடைகள் முழுக்க இருந்தது. அதைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்து ஓவென்று அழுதீர்கள். நானும் அழுதேன், வேறு காரணத்துக்கு.

போகும்போது கனகராஜ் வாசலில் நின்று சொன்னார்: "புதுசா ஒரு பிரிவு உண்டாக்கியிருந்தீங்கன்னா முன்னால இருந்த முக்கியமான எடத்து மேலயே எழுதிப்போட்டிருக்கும். அப்பறம் நான் வந்து புண்ணியமில்லீங்க." நீங்கள் இரண்டு முறை தடுத்தீர்கள், ராகு காலம் என்று ஒருமுறை, கையை உயர்த்தி ஒருமுறை. அழித்தவள் நான்.

ஒன்பது ஃபிளாப்பியையும் குப்பையில் போடுங்கள் என்றேன். "சாமிக்கு வெச்சதைக் குப்பைல போடலாமுங்களா?" என்று பேக்கரியில் ஒரு பிஸ்கட் டப்பா கேட்டு வாங்கி அதில் போட்டு எடுத்துப் போனீர்கள். மறுவாரம் இன்னொரு ஹார்ட் டிஸ்கை இரவல் வாங்கி, அதில் நகல் எடுத்து, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்து, அதன் பிறகு பிரித்தோம். தவணைக்கு முந்தின நாள் நீங்கள் சமர்ப்பித்தீர்கள். முனைவர் ஆனீர்கள். நன்றியுரையில் என் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை என்னால் இரண்டாம் தரம் படிக்க முடிந்ததில்லை.

அப்புறம் எத்தனை பேரிடம் இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னீர்கள்! "நான் போயி ஃபிளாப்பிக்குப் பொட்டு வெச்சுப்போட்டேனுங்க, பாவம் அம்மணிதான் தவிச்சுப்போச்சு." நான் பக்கத்தில் நின்று சிரிப்பேன். ஒவ்வொரு தரமும் இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். உங்கள் மகள் கல்யாணத்தன்று தோன்றியது. போன மாதம் ஆஸ்பத்திரியில், தொண்டையில் குழாய் போட்டு உங்களுக்குப் பேச்சு நின்றிருந்தபோது தோன்றியது. "அக்கா, அந்த ஃபிளாப்பி..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். படுத்தபடியே இரண்டு உள்ளங்கைகளையும் தலையணைக்கு மேல் கொஞ்சமாக உயர்த்திக் காட்டினீர்கள். வலியில் காட்டுகிறீர்கள் என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.

இன்றுவரை எந்த நகலையும் திறந்து படித்துப் பார்க்காமல் மூலத்தை நான் அழித்ததில்லை. என்னிடம் வேலை கற்ற பெண்கள் எனக்குக் கிறுக்கு என்பார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகைக்குக்கூட மூன்று நகல் எடுத்து மூன்றையும் திறந்து பார்ப்பேன். உங்களிடமிருந்து நான் எடுத்துவந்தது அதுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இதோ, இவ்வளவும் எழுதிய பிறகு டப்பாவை மறுபடி திறந்துவிட்டேன். ஒவ்வொன்றாகத் திருப்பி மேசைமேல் வைத்தேன். இரண்டு, மூன்று, நான்கு, எல்லாவற்றிலும் அதே காய்ந்த சந்தனம். எட்டு. அடியில் ஒன்பது. துடைத்த கறையைப் பார்க்கத் தயாராகிக்கொண்டு திருப்பினேன்.

கறை இருந்தது. அதன் மேல், சரியாக நடுவில், ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அரக்கு நிறம், நீங்கள் எப்போதும் வைத்துக்கொள்கிற அளவு. பசை காய்ந்து ஓரம் கொஞ்சம் தூக்கியிருக்கிறது.

நான் கீழே போன் பேசிவிட்டு வருவதற்குள் நீங்கள் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்திருக்கிறீர்கள். எட்டில் பொட்டு இருக்கிறது, ஒன்றில் துடைத்திருக்கிறது, துடைத்தது யார் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. கனகராஜ் வருவதற்கு முன்னால் உங்கள் நெற்றியிலிருந்து எடுத்து அதில் ஒட்டிவிட்டீர்கள். ஒம்போதுக்கும் பொட்டு என்று அவர் எண்ணினது சரிதான். ஆஸ்பத்திரியில் நீங்கள் காட்டியதும் வலி இல்லை, கையை எடு என்கிற அந்த மில் ஜாடைதான்.

பார்த்தேன் அக்கா. பார்த்துவிட்டுத்தான் துடைத்தேன். உங்களுக்குத் தெரியும் என்று இப்போது தெரிகிறது, ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும். நான்தான் துடைத்தேன். அந்தப் பொட்டை மட்டும் நான் தொடவில்லை, அப்படியே இருக்கட்டும்.

உங்கள்
அம்மணி